தொடு

எங்க ஆயாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும், பஸ் போர்டு அளவுக்கு. அந்த ஆயா 2007ஆம் வருஷக் கோடை லீவு முழுக்க, ஜப்பான்காரன் செய்த ஒரு வீடியோ கேமில் என்னைத் தோற்கடித்தது. அப்போது எனக்கு 11 வயது. அந்தத் தோல்வியை நான் ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆயாவை 'அது' என்றுதான் எழுதப்போகிறேன். எங்கள் பக்கம் ஆயா 'வந்துச்சு', 'சொல்லுச்சு'தான். 'வந்தார்' என்று எழுதினால் வேறு யார் வீட்டுப் பாட்டியோ மாதிரி இருக்கிறது.

அந்த வருஷம் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மாமா, வெள்ளை நிறத்தில் ஒரு நின்டெண்டோ டிஎஸ் லைட் கொண்டுவந்தார். மூடினால் சின்ன டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. கீழ்த்திரையைத் தொடலாம். தொடுவதற்கு ஒரு பிளாஸ்டிக் குச்சி, அது பக்கவாட்டில் சொருகியிருக்கும். சார்ஜரின் முள் சதுரமாக இருந்ததால் எங்கள் வீட்டு பிளக்கில் நுழையவில்லை. பல்லாவரம் போய் அதற்கு ஒரு மாத்து பிளக் வாங்கிய பிறகுதான் உயிர் வந்தது. கூடவே வந்தது ஒரே ஒரு கேம் அட்டை. அதன் பெயர் 'வாரியோவேர்: டச்ட்!'

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாரியோ என்பவன் மரியோவின் எதிராளி. 1992இல் ஒரு கேம்பாய் விளையாட்டில் வில்லனாக வந்தவன். குண்டன், பேராசைக்காரன், முறுக்கு மீசை. 2003இல் நின்டெண்டோ அவன் பெயரில் ஒரு விநோதமான விளையாட்டை வெளியிட்டது. அதில் ஒரு பெரிய கதையோ நீண்ட பாதையோ இல்லை. குட்டிக் குட்டி விளையாட்டுகள் மழை மாதிரி வந்து விழும். ஒவ்வொன்றும் நாலைந்து விநாடிதான். திரையில் ஒரு சொல் தோன்றும், ஒரு படம் வரும், கீழே வெடிகுண்டின் திரி எரிந்துகொண்டே இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த நாலைந்து விநாடிக்குள் நீங்களே கண்டுபிடித்து, செய்தும் முடிக்க வேண்டும். மூக்குத் துவாரத்தில் விரலை விடுவதும் அந்த முதல் விளையாட்டில் ஒரு சவால். முடித்தால் அடுத்தது. போகப் போக வேகம் கூடும். நான்கு தடவை தவறினால் ஆட்டம் முடிந்தது.

டிஎஸ்ஸுக்காக வந்தது அதன் தொடுதிரை வடிவம். ஜப்பானில் 2004 டிசம்பர் 2, அந்த டிஎஸ் கருவி விற்பனைக்கு வந்த அதே நாளில் இதுவும் வந்தது. ஐபோன் வர இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தது. திரையை விரலால் தொட்டு விளையாடுவது என்றால் என்ன என்று உலகத்துக்கே யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்த காலம். 180க்கும் மேற்பட்ட குட்டி விளையாட்டுகளை வைத்து அதைத்தான் இந்த விளையாட்டு செய்தது. ஒரு பாத்திரத்துக்கு ஒரு வித்தை. மோனாவின் கட்டத்தில் கோடு கிழித்து வெட்ட வேண்டும். ஜிம்மி கட்டத்தில் தேய்க்க வேண்டும். டாக்டர் கிரைகர் கட்டத்தில் சுற்ற வேண்டும். ஆஷ்லி என்ற சூனியக்காரச் சிறுமியின் கட்டத்தில் இழுத்துப் போட வேண்டும். மைக் என்ற ரோபோவின் கட்டத்தில் குச்சிக்கு வேலையே இல்லை, கருவியின் மைக்கில் வாயால் ஊத வேண்டும்.

இனி ஆயா.

திருநீர்மலையில் மலைமேல் ஒரு கோயில், அடிவாரத்தில் ஒரு கோயில். ஆயா அடிவாரத்தில் துளசி மாலையும் பூவும் விற்றது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்த துளசியைப் பிரித்து, வாழைநாரை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வெளிச்சம் வருவதற்குள் ஒரு கூடை நிறைந்துவிடும். எங்கள் ஊர்க் கோயில் கல்யாணத்துக்குப் பேர்போனது. முகூர்த்த நாளில் ஒரே காலையில் கல்யாணத்துக்கு மேல் கல்யாணம். ஒரு ஜோடி தாலி கட்டி எழும்போதே அடுத்த ஜோடி வேர்வையோடு நிற்கும். சொந்தக்காரர்கள் யார் கல்யாணத்துக்கு வந்தோம் என்று ஒரு நிமிஷம் குழம்புவார்கள். அப்படிப்பட்ட நாளில் ஆயாவின் விரலைப் பார்க்க வேண்டும். பூவை எடுக்கிறது, நார் சுற்றுகிறது, முடிச்சு விழுகிறது, அடுத்த பூ. கண் அங்கே இருக்காது. கண் ரோட்டில் வருகிறவரைப் பார்க்கும், வாய் விலை சொல்லும், விரல் தன் பாட்டுக்கு வேலை செய்யும்.

அந்தக் காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும். ஒரு சாயங்காலம் கரண்ட் போனதும் நான் திண்ணையில் டிஎஸ்ஸைத் திறந்தேன். இரண்டு திரை வெளிச்சத்துக்கும் கொசுவோடு சேர்ந்து ஆயாவும் வந்தது.

"இன்னாடா அது, டிவியா?"

"கேம் ஆயா."

"இன்னா பண்ணணும்?"

அதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். என்ன பண்ணணும் என்பது ஒவ்வொரு ஐந்து விநாடிக்கும் மாறும். குச்சியை ஆயா கையில் கொடுத்தேன். திரையில் வரும் இங்கிலீஷ் சொல்லைப் படித்து, தமிழில் கத்துவது என் வேலை. "தேய்! தேய் ஆயா!" "வெட்டு!" "சுத்து, சுத்து, சுத்து!" "ஊது!"

முதல் நாள் ஆயா நான்கையும் சீக்கிரமே தவறவிட்டது. இரண்டாம் நாள் ஒரு விஷயம் கவனித்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் ஆயாவின் கை போய்விடுகிறது. நான் சொல்லைப் படிக்கிறேன், புரிந்துகொள்கிறேன், பிறகு செய்கிறேன். ஆயாவுக்குப் படிக்கிற வேலை இல்லை. படத்தைப் பார்த்ததும் கைக்குத் தெரிந்துவிடுகிறது, தேய்க்க வேண்டிய படம் எது, இழுக்க வேண்டிய படம் எது என்று. மூன்றாம் நாளிலிருந்து குச்சியையும் எனக்கே கொடுத்துவிட்டது. நகத்தாலும் விரல் நுனியாலும் ஆடியது. ஒரு வாரத்தில் நான் கத்துவது சும்மா பின்னணி இசை மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் கத்தச் சொல்லும். "நீ சொல்றா, அப்பதான் எனக்கு ஓடும்."

அந்தக் கத்தலில்தான் நான் தமிழை முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். இழு, வெட்டு, சுற்று, ஊது. எல்லாம் வேர்ச்சொல். தமிழில் வினையின் வேரை அப்படியே சொன்னால் அதுவே கட்டளை. ஒட்டு, விகுதி எதுவும் வேண்டாம். ஐந்து விநாடி விளையாட்டுக்கு அளந்து வைத்த மாதிரி மொழி. ஒரே ஒரு சிக்கல், அது ஒருமைக் கட்டளை. ஆயாவுக்கு அது உடனே பிடிபட்டது. "என்னைப் பாத்து வெட்டு, இழுனு சொல்றானே, அந்த மீசைக்காரன் யாருடா? வெட்டுங்கம்மானு சொல்லச் சொல்லு." சொல்லிப் பார்த்தேன். 'வெட்டுங்கம்மா' முடிவதற்குள் வெடிகுண்டு வெடித்தது. "சரி, மரியாதை வேணாம். நீயே சொல்லு" என்று சமாதானமாகிவிட்டது.

இன்னொரு சொல் 'தொடு'. திரையில் ஒரு புள்ளியைத் தொட வேண்டியிருக்கும்போது "தொடு" என்பேன். பல வருஷம் கழித்து உறைத்தது, பூவைச் சரமாகக் கட்டுவதற்கும் எழுத்துத் தமிழில் கட்டளை 'தொடு'தான். தொட்டாள் வேறு, தொடுத்தாள் வேறு. ஆனால் வேர் வடிவில் இரண்டும் ஒன்றாக நிற்கும். எங்கள் வீட்டில் யாரும் பூவைத் தொடுக்க மாட்டோம், கட்டுவோம். அதனால் அப்போது தெரியவில்லை. இந்த விளையாட்டின் ஜப்பானியப் பெயரிலும் முதலில் வருவது 'சவாரு' என்கிற சொல். அதற்கும் தொடுவது என்றுதான் அர்த்தமாம்.

ஆயாவுக்கு ரொம்பப் பிடித்தது ஊதுகிற கட்டம். விறகடுப்பில் ஊதாங்குழல் பிடித்த வாய். கருவியில் இருந்த மைக் ரொம்பச் சாது. ஊதுவதற்கும் சத்தத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் ஊரோ மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கம். இறங்குகிற விமானம் மொட்டை மாடிக்கு மேல் சக்கரம் தெரியப் போகும். சரியாக அந்த நேரத்தில் ஊதும் விளையாட்டு வந்தால், விமானமே ஊதி ஜெயித்துக்கொடுத்துவிடும். ஆயா அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. நான் ஆட்சேபித்தபோது, "ஏன், அவன் நம்ம ஊருக்கு மேலதானே வர்றான்?" என்றது. அந்தக் கட்டத்தின் அதிகபட்ச எண் 31. இன்றைக்கும் அது ஆயாவுடையதுதான். என்னால் தாண்ட முடியவில்லை.

ஆட்டத்துக்கு நடுவே ஆயா கதையும் சொல்லும். எங்கள் ஊர்ப் பெருமாள் நான்கு விதமாக இருப்பார். அடிவாரத்தில் நீர்வண்ணர் நிற்கிறார். மலைமேல் ரங்கநாதர் கிடக்கிறார், பால நரசிம்மர் உட்கார்ந்திருக்கிறார், உலகளந்த பெருமாள் காலைத் தூக்கி நடக்கிறார். நில், இரு, கிட, நட. இதைக் கேட்டபோது எனக்கு வாரியோவேர்தான் ஞாபகம் வந்தது. பெருமாளும் ஒவ்வொரு கட்டத்துக்கு ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார். சொன்னேன். ஆயா தலையில் குட்டிவிட்டுச் சிரித்தது.

அடுத்த கதை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. திருமங்கையாழ்வார் இங்கே சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றிலும் தண்ணீர். அதனால்தான் ஊருக்கே நீர்மலை என்று பேர். தண்ணீர் வடியட்டும் என்று அவர் ஆறு மாசம் இந்தப் பக்கத்திலேயே தங்கிக் காத்திருந்து, பிறகு ஏறினாராம். "ஆறு மாசம் சும்மா உக்காந்திருந்தாரா?" என்று கேட்டேன். அஞ்சு விநாடிக்கு ஒரு வேலை முடிக்கிற எனக்கு அது பெரிய முட்டாள்தனமாகத் தெரிந்தது. "பாக்கணும்னு வந்துட்டா இருக்க வேண்டியதுதான்" என்றது ஆயா. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து எங்கள் தெருவிலும் முழங்கால் தண்ணீர் நின்றபோது, நான் சிக்னல் இல்லாத போனைத் தூக்கிக்கொண்டு மாடியில் அலைந்தேன். ஆயா படியில் உட்கார்ந்து, "ஆழ்வாருக்கு ஆறு மாசம்டா, உனக்கு நாலு நாள் தாங்கல" என்றது.

2020இல் நான் வேலையில் இருந்தேன். ஊரடங்கு காரணமாக வீட்டிலிருந்தே வேலை. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களோடு சாட்டில் பேசுவது. ஒரே நேரத்தில் மூன்று பேர். ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே ஒரு கடிகாரம். முதல் பதிலை 30 விநாடிக்குள் கொடுக்க வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பானால் மாசக் கடைசியில் கணக்கில் வரும். சேர்ந்த முதல் மாதமே எனக்கு நல்ல பெயர். படிப்பதற்கு முன் பதிலைத் தொடங்கிவிடுவேன். இது எனக்கு எங்கே பழகியது என்று எனக்குத் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வேலை முடிந்தாலும் நிற்காது. ஓடிபி முடிவதற்குள் போடு, தட்கல் திறந்ததும் அழுத்து, கட்டத்துக்குள் டிராஃபிக் சிக்னல் எதெது என்று தொடு. நாள் முழுக்க வாரியோவேர்தான்.

அந்த வருஷக் கடைசியில் ரேஷன் கடைகளில் கைரேகை வந்தது. கார்டை நீட்டினால் மட்டும் போதாது, விரலை வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ரேஷன் எப்போதும் ஆயாவின் இலாகா.

ஒரு நாள் மதியம் சோறு வேறு மாதிரி இருந்தது. "இன்னா ஆயா, கடை அரிசியா?" என்று கேட்டேன், ஒரு காதில் ஹெட்செட்டோடு. "ஆமா" என்றது. நான் அதோடு விட்டுவிட்டேன். நான்கைந்து நாள் கழித்து, மாலை விற்ற காசைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்து மளிகைக் கடைப் பையனிடம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்புறம்தான் கேட்டேன். அந்த மாசம் மூன்று தடவை ரேஷன் கடைக்குப் போயிருக்கிறது. மூன்று தடவையும் மெஷின் ரேகையை எடுக்கவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை. கடைக்காரர் நல்ல மனுஷன்தான், விரலைத் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார், நெற்றியில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைக்கச் சொல்லியிருக்கிறார். பின்னால் வரிசை நீள, "கார்டுல பேரு இருக்கிற வேற யாரையாவது கூட்டிட்டு வா ஆயா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மாசம் முடிந்துவிட்டது.

கார்டில் என் பெயரும் இருக்கிறது. யாராவது ஒருவர் விரல் வைத்தால் போதும் என்பதுதான் விதி. நான் பத்தடி தூரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களுக்கு 30 விநாடிக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எப்ப பாத்தாலும் பேசிக்கினே இருக்க. முடியட்டும்னு பாத்தேன்."

மூன்று தடவையும் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போயிருக்கிறது. ஆழ்வார் கதையை எனக்குச் சொன்ன மனுஷி. தண்ணீர் வடியக் காத்திருந்த மாதிரி என் கால் முடியக் காத்திருந்திருக்கிறது. அது வடியவே இல்லை.

அன்று ராத்திரி ஆயாவின் விரலைப் பிடித்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். நுனி வழவழவென்று இருந்தது, நார் ஓடி ஓடித் தேய்ந்த இடம் மட்டும் கோடு மாதிரி. என்னுடைய போனில்கூட ஆயா தொட்டால் பல தடவை வேலை செய்யாது. அதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய போன் திரைகள் விரலில் இருக்கிற மின்தன்மையை உணர்பவை. காய்ந்து தடித்த தோல் என்றால் தடுமாறும். டிஎஸ் திரை பழைய வகை. மெல்லிய இரண்டு படலம், நடுவில் நூலிழை இடைவெளி. அழுத்தினால் ஒன்றோடொன்று ஒட்டும், அந்த இடம் எது என்று கருவிக்குத் தெரியும். நகமோ குச்சியோ காய்த்துப்போன விரலோ எதுவாக இருந்தாலும் சரி. விரல் என்ன செய்கிறது என்பது மட்டும் அதற்குப் போதும். ரேஷன் கடை மெஷின் கேட்டது வேறு கேள்வி, இது யாருடைய விரல் என்று. ஐம்பது வருஷமாகத் துளசியும் நாருமாக இருந்த விரலில் முதல் கேள்விக்குப் பதில் இருந்தது. இரண்டாவது கேள்விக்கான பதிலை அந்த வேலையே அழித்துவிட்டிருந்தது.

வேகத்தைத் திட்டி எழுதத் தோன்றவில்லை. வேகமாக ஆடிய ஆயாவை நான் பார்த்திருக்கிறேன், அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை வேறு எப்போதும் பார்த்ததில்லை. ஆனால் வாரியோவேரில் தோற்றால் என்ன ஆகும்? குண்டு வெடிக்கும், ஒரு கோமாளிச் சத்தம் வரும், அடுத்தது வந்துவிடும். நான்கும் போனால் மறுபடி முதலிலிருந்து. யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. அதோடு பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து, திரையில் வருகிற தெரியாத சொல்லை அவ்வப்போது தெரிந்த சொல்லாக மாற்றிக் கத்திக்கொண்டிருந்தான். ரேஷன் கடை மெஷினிலும் இங்கிலீஷில்தான் ஏதோ வந்ததாம். அது என்ன சொல்லிற்று என்று ஆயாவுக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த மாசம் முதல் வாரமே லீவு போட்டுவிட்டுப் போனேன். என் விரலை வைத்தால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆயா விடவில்லை. "இரு, நான் ஒரு தபா வெச்சுப் பாக்கறேன்." புடவை முந்தானையில் விரலைத் துடைத்தது. நெற்றியில் ஒரு தேய்ப்பு. மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. வரிசையில் பின்னால் ஏழெட்டுப் பேர்.

"சொல்லுடா" என்றது.

"அழுத்து ஆயா. அழுத்து, அழுத்து. எடுக்காத."

எடுக்கவில்லை. இன்னொரு விரல். அதுவும் எடுக்கவில்லை. மூன்றாவது விரலுக்குக் கடைக்காரரே எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கீழ, ஆயா" என்றார். அதுவும் இல்லை. ஆயா என்னைப் பார்த்து, "இன்னும் ஒண்ணு இருக்கு" என்றது. நான்கு வாய்ப்பு என்கிற கணக்கு அதற்கு அப்படியே ஞாபகம் இருந்தது. நான்காவதும் போனது. பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டது. நான் விரல் வைத்தேன், மெஷின் சத்தம் போட்டது, சீட்டு வந்தது.

இப்போதும் மாசா மாசம் அப்படித்தான் போகிறோம். ஒரு மாசம் எடுக்கும், ரெண்டு மாசம் எடுக்காது. முதலில் ஆயா நான்கு தடவை வைத்துப் பார்க்கும், பிறகு நான். பின்னால் நிற்பவர்கள் சில சமயம் முணுமுணுப்பார்கள். திரும்பி வரும் வழியில், அரிசிப் பை வண்டியின் முன்னால், ஆயா பின்னால். மேலே ஒரு விமானம் இறங்கினால் பேச்சை நிறுத்திவிட்டு, அது போகும்வரை இரண்டு பேரும் சும்மா இருப்போம்.